குளவிக் கொடுக்கிலிருந்து ஆன்டிபயாட்டிக் வரை: ஒரு முழுமையான வழிகாட்டி

பூச்சி விஷம் பாக்டீரியாவைக் கொல்லும் என்று காட்ட ஒரு தட்டு, கொஞ்சம் தேனீ விஷம், ஓர் இரவு இன்குபேட்டர் போதும். ‘குளவி விஷத்தில் புதிய ஆன்டிபயாட்டிக்’ என்ற செய்தி அடிக்கடி தலைகாட்டுவதற்கும் அதுதான் காரணம். ஆனால் பூச்சி விஷத்திலிருந்து உருவான ஆன்டிபயாட்டிக் எதுவும் இன்றுவரை மனிதர்களுக்கான மருந்தாக அனுமதி பெறவில்லை. பாக்டீரியாவின் சவ்வைக் கிழிக்கும் அதே பெப்டைடு (அமினோ அமிலங்கள் கோத்த குட்டிச் சங்கிலி) நம் ரத்தச் சிவப்பணுவின் சவ்வையும் கிழித்துவிடுகிறது. கொல்லும் சக்தி விஷத்திலேயே இருக்கிறது. யாரைக் கொல்ல வேண்டும், யாரை விட்டுவிட வேண்டும் என்று அதற்குக் கற்றுக்கொடுப்பதுதான் நம் வேலை முழுவதும். இந்த வழிகாட்டியில் அந்தப் பகுதிக்கு அதிக இடம் கொடுத்திருக்கிறேன். உயிர்வேதியியல், நுண்ணுயிரியல் படிக்கும் முதுகலை, ஆராய்ச்சி மாணவர்களை மனதில் வைத்து எழுதியது.

முதலிலேயே ஒன்று: தேனீயைக் கொட்டவிட்டுக்கொண்டால் தொற்று குணமாகும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். ஒவ்வாமை உள்ளவருக்கு ஒரே கொட்டு உயிருக்கு ஆபத்து. நாம் பேசப்போவது விஷத்தைப் பற்றி அல்ல, அதிலுள்ள ஒரு தனி மூலக்கூறைப் பற்றி.

படி 1: எந்தக் கிருமி என்று முடிவு செய்யுங்கள்

பெரும்பாலானோர் பூச்சியிலிருந்து தொடங்குவார்கள். கிருமியிலிருந்து தொடங்குவதே நல்லது. மருந்து ரத்தத்தில் போக வேண்டுமா, புண்ணின் மேல் தடவினால் போதுமா, நுரையீரலுக்குப் போக வேண்டுமா என்பதெல்லாம் கிருமியைப் பொறுத்தது. உலக சுகாதார நிறுவனம் 2024இல் புதுப்பித்த முன்னுரிமைப் பட்டியலில், கார்பபெனெம் என்ற வலிமையான ஆன்டிபயாட்டிக்குகளுக்கு அடங்காத அசினெட்டோபாக்டர் பௌமானி உச்ச நிலையில் இருக்கிறது. அதே பிரிவில் கார்பபெனெமுக்கு மசியாத குடல்வகை பாக்டீரியாக்களும் உள்ளன. கார்பபெனெம்களைச் சிதைக்கும் என்டிஎம்-1 என்ற நொதி இந்தியாவில் பரவியிருப்பதை 2010இல் வெளிக்கொண்டுவந்த ஆய்வில் சென்னையின் மருத்துவமனை மாதிரிகளும் இருந்தன. ஆகவே இந்தப் பிரச்சினை நமக்கு அந்நியமானதல்ல.

படி 2: பூச்சியும் அனுமதியும்

நன்கு ஆராயப்பட்டவை மூன்று கூட்டங்கள். தேனீ விஷத்தின் உலர் எடையில் ஏறக்குறைய பாதி மெலிட்டின் என்ற 26 அமினோ அமிலப் பெப்டைடு. குளவிகளில் மாஸ்டோபரான் குடும்பம். தனித்து வாழும் குளவி ஒன்றிலிருந்து 2001இல் கிடைத்த அனோப்லின் வெறும் 10 அமினோ அமிலம்தான். எறும்புகளில், தென் அமெரிக்க எறும்பு ஒன்றின் விஷத்திலிருந்து அதே 2001இல் பொனெரிசின்கள் என்று பதினைந்து பெப்டைடுகளைப் பிரித்தார்கள். நம் ஊர்க் கதண்டும் கட்டெறும்பும் இவ்வளவு ஆழமாக அலசப்படவில்லை.

பூச்சியைப் பிடிக்கும் முன் காகித வேலையை முடித்துவிடுங்கள். உயிரியல் பல்வகைமைச் சட்டம், 2002 பூச்சிக்கும் பொருந்தும். வெளிநாட்டுக் கூட்டாளி இருந்தாலோ, காப்புரிமை கோரும் எண்ணம் இருந்தாலோ தேசிய உயிரியல் பல்வகைமை ஆணையத்தின் நடைமுறைகளைக் கடந்தே ஆக வேண்டும். அதன் தலைமை அலுவலகம் சென்னை தரமணியில்தான் இருக்கிறது. வனப்பகுதியில் பிடிப்பதென்றால் வனத்துறை அனுமதி தனி. ‘ஒரு குளவிக்கு இவ்வளவா?’ என்று தோன்றும். காப்புரிமை கேட்கும் நாளில் இந்தக் காகிதம் இல்லையென்றால் முழு உழைப்பும் அந்தரத்தில் நிற்கும்.

படி 3: விஷம் எடுத்தல்

தேனீ விஷம் எடுப்பது சுலபம். கூட்டு வாசலில் கண்ணாடித் தகட்டின் மேல் மெல்லிய கம்பிகளை ஓட்டி, விட்டுவிட்டு லேசான மின்சாரம் கொடுத்தால் தேனீக்கள் தகட்டில் கொட்டும். கொடுக்கு கண்ணாடியில் மாட்டாது, தேனீயும் சாகாது. காய்ந்த விஷத்தைப் பிளேடால் சுரண்டி எடுக்கலாம். ஒரு தேனீக்குச் சுமார் 0.1 மில்லிகிராம் கிடைக்கும். குளவிக்கும் எறும்புக்கும் இது சரிப்படாது. குளிரில் மயக்கி, நுண்ணோக்கியின் கீழ் விஷப்பையைத் தனியே பிரித்தெடுக்க வேண்டும்.

சுரண்டும்போது காய்ந்த விஷம் தூளாகப் பறக்கும். முகக்கவசம், கண்ணாடி, கையுறை கட்டாயம். அட்ரினலின் ஊசியும் அதைப் போடத் தெரிந்தவரும் பக்கத்தில் இல்லாமல் இந்த வேலையைத் தொடங்காதீர்கள். பலமுறை விஷத்தோடு புழங்கியவருக்குத்தான் ஒவ்வாமை புதிதாக வரும் வாய்ப்பு அதிகம். ‘எனக்கு இதுவரை ஒன்றும் ஆனதில்லை’ என்பது பாதுகாப்பு ஆகாது.

படி 4: வரிசையைக் கண்டுபிடித்தல்

இன்று யாரும் கிலோக்கணக்கில் விஷம் சேர்ப்பதில்லை. தேவைப்படுவது பெப்டைடின் எழுத்து வரிசை, அதாவது எந்த அமினோ அமிலத்துக்கு அடுத்து எது என்பது மட்டுமே. இரண்டு வழிகளைச் சேர்த்துச் செய்ய வேண்டும். ஒருபுறம் விஷச் சுரப்பியின் ஆர்என்ஏவை வரிசைப்படுத்துவது. மறுபுறம் விஷத்தையே, மூலக்கூறுகளின் நிறையை அளக்கும் நிறமாலை நிறைமானியில் ஓட்டுவது. ஆர்என்ஏ மட்டும் பார்த்தால் ஏமாறுவீர்கள். மெலிட்டினும் மாஸ்டோபரானும் முதலில் நீளமான முன்வடிவமாக உருவாகி, பிறகு நொதிகளால் வெட்டப்பட்டுத்தான் கடைசி வடிவத்துக்கு வருகின்றன. முன்வடிவின் கடைசியில் கிளைசின் தென்பட்டால், அது கழன்று அதற்கு முந்தைய அமினோ அமிலம் அமைடாக மாறியிருக்க வாய்ப்புண்டு. அந்த அமைடு இருக்கிறதா என்பதை நிறைமானி சொல்லும்: அமில முனையைவிட ஏறக்குறைய ஒரு டால்டன் (சுமார் ஒரு ஹைட்ரஜன் அணுவின் நிறை) குறைவாகக் காட்டும். இந்த ஒரு டால்டனைக் கவனிக்காமல் விட்டு அமில முனையோடு தயாரித்தால், நேர்மின்னூட்டம் ஒன்று குறைந்து செயல்திறனும் பெரும்பாலும் சரியும்.

பூச்சியே பிடிக்காமலும் தொடங்கலாம். நுண்ணுயிர்க்கொல்லிப் பெப்டைடுகளுக்கான நெப்ராஸ்கா பல்கலைக்கழகத்தின் ஏபிடி தரவுத்தளம், புரதங்களுக்கான யூனிபுராட் தரவுத்தளம் எல்லாம் திறந்தே கிடக்கின்றன. பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் சேசர் டி லா ஃபுவென்டேயின் குழு, பாம்பு, தேள், சிலந்தி உள்ளிட்ட விஷங்களின் புரதங்களைச் செயற்கை நுண்ணறிவால் அலசி 2025இல் ஆய்வு ஒன்றை வெளியிட்டது. புரதங்களுக்குள் ஒளிந்திருக்கும் நான்கு கோடிக்கும் மேற்பட்ட துண்டுகளிலிருந்து 386 தேறின. அவற்றில் 58ஐ ஆய்வகத்தில் தயாரித்துப் பார்த்தபோது 53 பாக்டீரியாவைக் கொன்றன. இவ்வளவு உயர்ந்த வெற்றி விகிதத்தைப் பார்த்து மயங்கத் தேவையில்லை. கணினி தேடிக்கொடுத்த பெப்டைடும் இனி வரும் எல்லாப் படிகளையும் ஏறித்தான் ஆக வேண்டும்.

படி 5: காகிதத்தில் பெப்டைடைப் படியுங்கள்

தயாரிக்கச் சொல்லும் முன் ஒரு மணி நேரம் செலவழித்து இதைச் செய்யுங்கள். கொரிய மஞ்சள் குளவியின் மாஸ்டோபரான்-எல் நல்ல உதாரணம். அதன் 14 அமினோ அமிலங்கள் வரிசையாக: ஐசோலூசின், அஸ்பராஜின், லூசின், லைசின், அலனின், லூசின், அலனின், அலனின், லூசின், அலனின், லைசின், லைசின், ஐசோலூசின், லூசின், முனையில் அமைடு.

மின்னூட்டத்தை எண்ணுங்கள். மூன்று லைசின், தொடக்க முனை ஒன்று: ஆக +4. இனி சுருள் சக்கரம். ஆல்ஃபா சுருளில் ஒவ்வோர் அமினோ அமிலமும் முந்தையதிலிருந்து 100 பாகை திரும்பி உட்காரும். முதல் இடத்தை 0 பாகை என்று வைத்துக் கணக்கிட்டால் லைசின்கள் (4, 11, 12ஆம் இடங்கள்) 300, 280, 20 பாகைகளில் விழும். லூசின்களும் 13ஆம் இடத்து ஐசோலூசினும் 80 முதல் 220 பாகைக்குள் அடங்கிவிடும். வரிசையில் கலந்து கிடப்பவை சுருளில் இரண்டு கட்சியாகப் பிரிந்து நிற்கின்றன: ஒரு பக்கம் நீரை விரும்புவது, மறுபக்கம் கொழுப்பை விரும்புவது.

பெப்டைடு வேலை செய்வதே இதனால்தான். பாக்டீரியாவின் சவ்வில் எதிர்மின்னூட்டக் கொழுப்புகள் நிறைய. நம் சிவப்பணுவின் வெளிப்புறமோ பெரும்பாலும் மின்சமநிலை கொண்டது, கொலஸ்டிரால் வேறு அதை இறுக்கிப் பிடித்திருக்கிறது. லைசின் பக்கம் பாக்டீரியாவைத் தேடிப்போகும்; லூசின் பக்கம் சவ்வுக்குள் நுழையும். லூசின் பக்கம் அளவுக்கு மீறி வலுத்தால், மின்னூட்டத்தைப் பார்க்காமல் எந்தச் சவ்விலும் புகுந்துவிடும். மெலிட்டினின் குணம் அதுதான்.

படி 6: தயாரித்தல்

1963இல் மெர்ரிஃபீல்டு கண்டுபிடித்த திட நிலைத் தயாரிப்பு முறையே இன்றும் அடிப்படை. வெளியே ஆர்டர் கொடுப்பவர்கள் மூன்றைச் சொல்ல மறக்கக் கூடாது: அமைடு முனை, 95 சதவீதத் தூய்மை, டிரைஃபுளூரோஅசெட்டேட்டுக்குப் பதில் அசெட்டேட் அல்லது குளோரைடு உப்பு. தயாரிப்பின் முடிவில் பெப்டைடோடு ஒட்டிக்கொண்டு வரும் டிரைஃபுளூரோஅசெட்டிக் அமிலம் செல் பரிசோதனைகளில் தானாகவே விஷமாக நடந்துகொள்ளும்.

எடையிலும் அது கைவைக்கும். மாஸ்டோபரானின் நிறை சுமார் 1,479 டால்டன். நான்கு நேர்மின்னூட்டத்துக்கும் நான்கு அமில மூலக்கூறுகள் (ஒவ்வொன்றும் 114) ஒட்டினால் குப்பியிலிருக்கும் ஒரு மில்லிகிராம் தூளில் பெப்டைடு 0.76 மில்லிகிராம்தான், ஈரப்பதம் தனி. இந்தத் திருத்தம் இல்லாமல் எழுதப்படும் எல்லாச் செறிவுகளும் கால்வாசி பொய்.

படி 7: இரண்டு சோதனைகளையும் ஒரே வாரத்தில்

பாக்டீரியாவைத் தடுக்கும் குறைந்தபட்சச் செறிவு, சிவப்பணுச் சிதைவு. இரண்டில் முதலாவதை மட்டும் முடித்துவிட்டு மாதக்கணக்கில் மகிழ்ச்சியாக இருப்பது இத்துறையின் தொற்றுநோய்.

முதல் சோதனையில் 96 குழித் தட்டில் பெப்டைடை ஒரு மில்லிக்கு 64, 32, 16 மைக்ரோகிராம் என்று பாதிபாதியாகக் குறைத்துக்கொண்டே போங்கள். முல்லர்-ஹின்டன் என்ற வளர்ப்புத் திரவத்தில் ஒரு மில்லிக்கு 5 லட்சம் பாக்டீரியா. 35 பாகை செல்சியஸில் 16 முதல் 20 மணி நேரம். சாதாரண பாலிஸ்டைரீன் தட்டு வேண்டாம். நேர்மின்னூட்டப் பெப்டைடு அந்தப் பிளாஸ்டிக்கில் ஒட்டிக்கொள்ளும், மருந்து சுவருக்குப் போய்விடும், பாக்டீரியா தழைக்கும். பாலிபுரொப்பிலீன் தட்டு வாங்குங்கள். தரப்படுத்தப்பட்ட பாக்டீரியாக்களைச் சண்டிகரில் உள்ள எம்டிசிசி சேகரிப்பிலிருந்து பெறலாம். மருத்துவமனைக் கிருமிகளைக் கையாள இரண்டாம் நிலை உயிர்ப்பாதுகாப்பு ஆய்வகம் தேவை.

இரண்டாவது சோதனைக்கு, நெறிமுறைக் குழு அனுமதியோடு எடுத்த மனித ரத்தத்தின் சிவப்பணுக்களை உப்புக் கரைசலில் மூன்று முறை கழுவி, பெப்டைடோடு 37 பாகையில் ஒரு மணி நேரம் வையுங்கள். சுழற்றி, மேல் திரவத்தின் சிவப்பை 540 நானோமீட்டரில் அளந்தால் எத்தனை அணுக்கள் உடைந்தன என்று தெரியும். எல்லா அணுக்களையும் உடைத்துவிடும் டிரைட்டான் எக்ஸ்-100 சோப்பு போட்ட குழி நூறு சதவீதம், வெறும் உப்புக் கரைசல் பூஜ்ஜியம். கூடவே மெலிட்டினையும் ஒரு வரிசையில் ஓட்டுங்கள். சிவப்பணுவின் அடர்த்தியை ஒவ்வோர் ஆய்வகமும் ஒவ்வொரு மாதிரி வைப்பதால் எண்களை நேரடியாக ஒப்பிட முடியாது; மெலிட்டினோடு ஒப்பிட்டால் ஓரளவுக்கு முடியும்.

இப்போது ஒன்றை மற்றொன்றால் வகுங்கள். கற்பனையாக, ஈ.கோலையை 4 மைக்ரோகிராம் தடுக்கிறது, பாதிச் சிவப்பணுக்களை 8 மைக்ரோகிராம் உடைக்கிறது என்றால் இடைவெளி இரண்டே மடங்கு. அதை மருந்து என்று அழைக்க முடியாது. 16 மைக்ரோகிராம் தேவைப்பட்டும் 800 மைக்ரோகிராம் வரை சிவப்பணு தாங்குகிறது என்றால் ஐம்பது மடங்கு. மேலோட்டமாகப் பார்த்தால் முதலாவது நான்கு மடங்கு வலிமையானது. நான் இரண்டாவதைத்தான் எடுத்துக்கொள்வேன்.

மாஸ்டோபரான் வகை என்றால் மூன்றாவது சோதனை ஒன்றும் உண்டு. இது மாஸ்ட் செல்களை (ஒவ்வாமையைத் தூண்டும் நோயெதிர்ப்புச் செல்கள்) தூண்டி ஹிஸ்டமின் கொட்டவைக்கும். குளவிக் கொட்டில் வீக்கம் வருவதில் இதற்கும் பங்குண்டு. சிவப்பணு தப்பித்தாலும் மாஸ்ட் செல் தப்பிக்காத பெப்டைடை ரத்தக்குழாயில் ஏற்ற முடியாது.

படி 8: திருத்தி எழுதுதல்

இனிதான் உண்மையான கைவேலை. மூன்று முன்னுதாரணங்களைப் படித்துவிட்டால் பெரும்பாலான உத்திகள் பிடிபட்டுவிடும்.

முதலாவது 1997. இஸ்ரேலின் வைஸ்மன் நிறுவனத்தில் ஓரெனும் ஷாயும் மெலிட்டினின் 26 அமினோ அமிலங்களில் நான்கை மட்டும் கண்ணாடி பிம்ப வடிவத்துக்கு, அதாவது டி-வடிவத்துக்கு மாற்றினார்கள். சுருள் குலைந்தது, சிவப்பணுவை உடைக்கும் குணம் போயிற்று, பாக்டீரியாவைக் கொல்லும் குணம் தங்கியது. சிவப்பணுவை உடைக்க ஒழுங்கான சுருள் வேண்டும், பாக்டீரியாவுக்கு அவ்வளவு ஒழுங்கு தேவையில்லை என்பதை இது காட்டியது. இன்றைக்கும் எனக்குப் பிடித்த பரிசோதனை இதுதான். மூலக்கூறின் நீளம், எழுத்து, மின்னூட்டம் எதையும் தொடாமல் விடை கண்டார்கள்.

இரண்டாவது 2018. பிரேசிலின் பாலிபியா பாலிஸ்டா குளவியின் 12 அமினோ அமிலப் பெப்டைடில் ஒவ்வோர் இடமாக மாற்றி, எந்த மாற்றம் சுருளையும் மின்னூட்டத்தையும் எப்படி அசைக்கிறது என்று எம்ஐடியைச் சேர்ந்த குழு பட்டியலிட்டது. அதில் தேறிய ஒரு வடிவம் எலிகளின் சூடோமோனாஸ் தொற்றை நான்கு நாட்களில் துடைத்தது. இந்த முறையில் அலுப்பு அதிகம், ஆனால் கைவிடாது.

மூன்றாவது 2020. மாஸ்டோபரான்-எல்லின் ஒரு முனைதான் மனித செல்லுக்கு விஷம் என்று கருதி, அதை எடுத்துவிட்டு, நூற்றுக்கணக்கான நுண்ணுயிர்க்கொல்லிப் பெப்டைடுகளில் திரும்பத் திரும்ப வரும் ஐந்தெழுத்துத் துண்டை ஒட்டினார்கள். கிடைத்தது மாஸ்ட்-எம்ஓ. உயிர்போக்கும் அளவு ஈ.கோலை அல்லது ஸ்டாஃபைலோகாக்கஸ் செலுத்தப்பட்ட எலிகளில் 80 சதவீதம் பிழைத்தன. தானே கொல்வதோடு, வெள்ளணுக்களை அழைத்துவரும் குணமும் அதற்கு இருந்தது.

உங்கள் பெப்டைடில் எங்கிருந்து தொடங்குவது? கொழுப்பு விரும்பும் பக்கத்தின் நடுவில் இருக்கும் லூசின் ஒன்றை அலனினாகவோ லைசினாகவோ மாற்றிப் பாருங்கள். சிவப்பணுச் சேதம் பெரும்பாலும் சட்டென்று இறங்கும். லைசினை அடுக்கிக்கொண்டே போவதில் பயனில்லை. ஓர் எல்லைக்குப் பிறகு பாக்டீரியாவைக் கொல்வதில் முன்னேற்றம் இருக்காது, விஷத்தன்மை மட்டும் ஏறும்.

படி 9: ரத்தத்தில் உயிர்பிழைக்குமா?

டிரிப்சின் போன்ற நொதிகள் லைசினுக்கும் ஆர்ஜினினுக்கும் அடுத்து வெட்டும். நாம் ஆசையாகச் சேர்த்த லைசின்கள் அத்தனையும் வெட்டுமிடங்கள். மனித சீரத்தில் போட்டு 0, 15, 30, 60, 120 நிமிடங்களில் மாதிரி எடுத்து, கலவையைப் பிரித்து ஒவ்வொன்றையும் சிகரமாகக் காட்டும் எச்பிஎல்சி கருவியில் பாருங்கள். சிகரம் ஒரு மணி நேரத்துக்குள் காணாமல் போனால் வழக்கமான தீர்வுகள்: முழுவதும் டி-வடிவம், முனையை அசிட்டைல் போட்டு மூடுதல், வளையமாக்கல். சவ்வைத் தாக்கும் பெப்டைடு முழு டி-வடிவத்திலும் வேலை செய்யும் என்று போமன், மெர்ரிஃபீல்டு ஆகியோரின் குழு 1990இலேயே காட்டிவிட்டது. செலவு கூடும்.

உடலின் எந்த இடத்துக்கு மருந்து என்பதையும் இங்கே மீண்டும் யோசியுங்கள். சவ்வைத் தாக்கும் பெப்டைடு ஆன்டிபயாட்டிக்கான டாப்டோமைசின் 2003இல் அனுமதி பெற்ற நல்ல மருந்து. ஆனால் நுரையீரலின் உட்புறத்தைப் பூசியிருக்கும் கொழுப்புப் படலமான சர்ஃபக்டன்ட் அதைக் கட்டிப்போட்டுவிடுவதால் நிமோனியாவுக்கு உதவாது. சவ்வை விரும்பும் எந்தப் பெப்டைடும் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும்.

படி 10: விலங்குச் சோதனையும் எதிர்ப்புத் திறனும்

நிறுவனத்தின் விலங்கு நெறிமுறைக் குழு அனுமதி வாங்கிய பிறகு, முதலில் தோல் தொற்று எலி மாதிரி, பிறகு தொடைத் தசை மாதிரி என்று போகலாம். சிறுநீரகத்தைத் தவறாமல் பாருங்கள். பெப்டைடு ஆன்டிபயாட்டிக்கான கொலிஸ்டினின் பெரிய குறையே அதுதான். பெப்டைடுக்கு பாக்டீரியா பழகாது என்ற பேச்சையும் நம்பாதீர்கள். கொலிஸ்டினுக்கு எதிரான எம்சிஆர்-1 மரபணு, பாக்டீரியாவிலிருந்து பாக்டீரியாவுக்குத் தாவக்கூடியது, 2015இல் சீனாவில் கண்டறியப்பட்டது. குறைந்த அளவு பெப்டைடில் பல வாரங்கள் தொடர்ந்து வளர்த்து, தடுக்கும் செறிவு ஏறுகிறதா என்று நீங்களே பாருங்கள்.

படி 11: மனிதர்களும் பணமும்

இந்தியாவில் 2019ஆம் ஆண்டு மருத்துவப் பரிசோதனை விதிகளின்படி மத்திய மருந்துத் தரக் கட்டுப்பாட்டு அமைப்பின் அனுமதி, பிறகு மூன்று கட்டங்கள். இதற்குமேல் ஓர் ஆய்வகத்தால் தனியாகப் போக முடியாது.

பெக்சிகனானின் கதையை மட்டும் தெரிந்துகொள்ளுங்கள். ஆப்பிரிக்கத் தவளையின் மகைனின் பெப்டைடைத் திருத்தி உருவாக்கிய இதை நீரிழிவுப் பாதப் புண்ணுக்குக் களிம்பாகக் கொண்டுவந்தார்கள். மூன்றாம் கட்டம் வரை போயிற்று. ஏற்கெனவே இருந்த ஒஃப்ளாக்சசினைவிட மேலானது என்று காட்ட முடியாததால் 1999இல் அமெரிக்கா அனுமதி மறுத்தது. மீண்டும் முயன்று 2016இலும் தோற்றது. அனுமதி கிடைத்தாலும் நிம்மதி இல்லை: பிளாசோமைசினுக்கு 2018இல் அனுமதி வாங்கிய அகாவோஜென் நிறுவனம் 2019இல் திவாலானது. நல்ல ஆன்டிபயாட்டிக்கை மருத்துவர்கள் பூட்டிவைத்துக் கடைசியில்தான் எடுப்பார்கள். அதனால் விற்பனை குறைவு. மறுபக்கம், சென்னையின் ஆர்கிட் நிறுவனத்தில் பிறந்த, ஆன்டிபயாட்டிக்கோடு சேர்த்துக் கொடுக்கும் என்மெட்டாசோபாக்டம் 2024இல் அமெரிக்க அனுமதி பெற்றது. அது பெப்டைடு அல்ல, ஆனாலும் இங்கிருந்து அங்கே போகும் பாதை இருக்கிறது என்பதற்குச் சாட்சி.

சிறிய கல்லூரி ஆய்வகம் என்றால்

பூச்சி பிடிப்பது, ஆர்என்ஏ, நிறைமானி எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஐந்தாம் படியிலிருந்து தொடங்கலாம். அனோப்லினை எடுத்துக்கொள்ளுங்கள்: கிளைசின், லூசின், லூசின், லைசின், ஆர்ஜினின், ஐசோலூசின், லைசின், திரியோனின், லூசின், லூசின், அமைடு. பத்தே எழுத்து என்பதால் தயாரிக்க மலிவு. அதோடு ஒரே ஓர் எழுத்து மாறிய மூன்று நான்கு வடிவங்களையும் சேர்த்து ஆர்டர் கொடுத்து, ஈ.கோலை, ஸ்டாஃபைலோகாக்கஸ், சிவப்பணு மூன்றிலும் ஒரே நேரத்தில் ஓட்டுங்கள். சக்கரத்தில் எந்த இடத்தை மாற்றினால் எந்த எண் நகர்கிறது என்ற அட்டவணை கையில் வந்துவிடும். முதுகலை ஆய்வேட்டுக்கு அது தாராளமாகப் போதும். அடுத்து எந்த எழுத்தில் கைவைக்கலாம் என்பதையும் அந்த அட்டவணையே சொல்லிவிடும்.